எல்லா வீட்டு வாசலிலும் ஒரே மெட்டு

7 ஜனவரி, கோவை வாசகர் கேட்டது

அண்ணா, ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் சந்தேகம். எங்கள் அபார்ட்மெண்டில் கீழ் வீட்டுக் காலிங் பெல், ரிவர்ஸ் எடுக்கும்போது எதிர்வீட்டுக்காரர் கார், கதவைச் சரியாகச் சாத்தாத லிஃப்ட், மகளுக்கு வந்த பிறந்தநாள் அட்டை, எல்லாவற்றிலும் ஒரே மெட்டு. டிடி டிடி டி, டிடிடி டீ. பீத்தோவன் போட்ட 'ஃப்யூர் எலிஸ்', அதாவது 'எலிஸுக்காக', என்கிறாள் மகள். என் முடிவு இதுதான்: வெள்ளைக்காரன் போனாலும் அவன் காதை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். இத்தனை ராகம் வைத்திருக்கிற ஊரில் வாசல் மணிக்கு ஒரு மெட்டு கிடைக்கவில்லையா? நீங்கள் இந்தச் சாமான்களைப் பிரித்துப் போடுகிறவர், சொல்லுங்கள்.

8 ஜனவரி

வெள்ளைக்காரனை விடுங்கள் தம்பி, அவனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது தைவான் சரக்கு.

யூஎம் 66 என்று ஒரு சில்லு. பார்த்தால் சாதாரண டிரான்சிஸ்டர் மாதிரியே இருக்கும், அதே கறுப்பு உடம்பு, அதே மூன்று கால். ஒரு காலில் பிளஸ், ஒன்றில் மைனஸ், மூன்றாவதில் பாட்டு. அவ்வளவுதான். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு ஏதாவது செய்துகொண்டு போக வேண்டும் என்றால் எங்கள் காலத்தில் இரண்டே வழி: எரிமலை, அல்லது யூஎம் 66. எரிமலை செய்தவன் துணி கெட்டுப்போகும். மற்றவன் மேஜையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும்.

செய்தது யுனைட்டெட் மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி. 1980இல் தைவானில் தொடங்கினார்கள். இன்றைக்கு உலகத்துக்கே சில்லு வார்த்துக் கொடுக்கிற பெரிய இடம். ஆரம்பத்தில் பிழைப்பு கடிகாரம், கால்குலேட்டர், பாட்டு அட்டை போன்ற சில்லறைச் சாமான்களில்தான் ஓடியது. ஒரே சில்லு, கடைசி எண்ணை மாற்றினால் பாட்டு மாறும். 19 என்று முடிந்தால் நீங்கள் சொல்கிற பீத்தோவன். 08 என்றால் பிறந்தநாள் பாட்டு. இன்னும் கல்யாண மார்ச், கிறிஸ்துமஸ் பாட்டு என்று ஒரு வரிசை உண்டு. சென்னை ரிச்சி தெருவில், எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் போய் "அறுபத்தாறு குடுங்க" என்றால் பாட்டு எது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கைக்கு வருவது 19தான்.

8 ஜனவரி, இரவு

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. அந்தச் சில்லின் வயிற்றில் மொத்தம் 64 ஸ்வரத்துக்குத்தான் இடம். அறுபத்து நாலோடு கதை முடிந்தது, திரும்ப முதலிலிருந்து. நம் ஊரில் கோடிக்கணக்கான பேர் இந்த மெட்டைக் கேட்டிருப்பார்கள். இதற்கு இரண்டாம் பாகம் உண்டு, அங்கே ராகமே மாறிக் கொஞ்சம் குஷியாகப் போகும், மூன்றாவதில் இடது கை ஒரே ஸ்வரத்தைப் போட்டு இடித்துக்கொண்டே இருக்கும் என்று யாருக்காவது தெரியுமா? எனக்கே யூடியூபில்தான் தெரிந்தது. அதுவரை பீத்தோவன் இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்து போனார் என்றே நினைத்திருந்தேன்.

10 ஜனவரி

கோவைத் தம்பி மறுபடி கேட்டிருக்கிறார்: "சரி, சில்லு தைவான். மெட்டு ஏன் அது?"

நல்ல கேள்வி. இதற்கு நான் கடையில் உட்கார்ந்து நிறைய யோசித்திருக்கிறேன், காரணம் வேறு வேலை இல்லாததுதான்.

ஆர்மோனியம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மெட்டு வந்து நிற்கிற இடத்தை ஸட்ஜம் என்று வைத்தால் தொடக்கம் இப்படி வரும்: ப ம ப ம ப ரி ம க ஸ. முதலில் வருகிற இரண்டு ம-வும் பிரதி மத்யமம், அதாவது உயர்ந்த ம. ரி-க்குப் பிறகு வருவது சுத்த மத்யமம், தாழ்ந்த ம. க என்பது சாதாரண காந்தாரம். இரண்டு மத்யமமும் ஒரே மூச்சில் வருகிறதே என்று பாட்டு வாத்தியார்கள் முகம் சுளிப்பார்கள், அது அவர்கள் பாடு.

கவனிக்க வேண்டியது முதல் ஐந்து. ப ம ப ம ப. பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் இரண்டு மாறி மாறி. இது பாட்டே இல்லை, மணி. ஆம்புலன்ஸ் கத்துவதும் ஏறக்குறைய இதே வேலைதான், இரண்டு சுருதி, மாறி மாறி. காது ஒரே சுருதியைச் சீக்கிரம் மறந்துவிடும். ஆடுகிற சுருதியை விடாது. அடுத்த நாலு ஸ்வரத்தில்தான் மனுஷர் அதைப் பாட்டாக்குகிறார்.

இன்னொன்று. பியானோவில் இதை வாசிக்கும்போது கைகளைப் பாருங்கள். முதல் எட்டு ஸ்வரத்துக்கு இடது கை சும்மா மடியில் கிடக்கும். ஒன்பதாவது ஸ்வரத்தில்தான் வந்து சேரும். அதாவது மெட்டின் முகப்பை அவர் எழுதும்போதே ஒற்றைக் குரலுக்குத்தான் எழுதியிருக்கிறார். சில்லுக்கும் ஒரே குரல்தான், இரண்டு ஸ்வரத்தைச் சேர்த்து வாசிக்க அதற்குத் தெரியாது. மற்ற மேல்நாட்டு மெட்டுகளை ஒற்றைக் குரலில் வாசித்தால் பாதி உயிர் போய்விடும். இதில் அந்த முதல் சில வினாடிகளில் ஒன்றுமே போகவில்லை. கதவைத் திறக்க எழுந்துவர அந்தச் சில வினாடி போதும்.

10 ஜனவரி, பிறகு

மெட்டின் சொந்தக்காரர் இதிலிருந்து காலணா பார்க்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். அவர் இறந்தது 1827. இது அச்சானது 1867இல், லுட்விக் நோல் என்ற ஆராய்ச்சியாளர் மியூனிக்கில் ஒரு வீட்டில் கையெழுத்துப் படியைப் பார்த்து எடுத்துப்போட்டார். அந்தப் படி அப்புறம் காணாமல் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. தலைப்பில் இருக்கிற எலிஸ் என்ற பெண் யார் என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.

11 ஜனவரி

"பதிப்புரிமை இல்லாத பழைய மெட்டு, காசு கொடுக்க வேண்டாம், அதனால் போட்டிருப்பான்" என்கிறார் ஒரு வக்கீல் வாசகர். பாதி சரி. அதே சில்லு வரிசையில் 68 என்று முடிவது டிஸ்னி பூங்காவில் பொம்மைகளுக்கு நடுவே படகு ஓடும்போது போடுகிற பாட்டு. அறுபதுகளில் எழுதியது, உரிமை கெட்டியாக இருந்த சரக்கு. பிறந்தநாள் பாட்டுக்கே அமெரிக்காவில் 2015 வரை ஒரு கம்பெனி உரிமை கொண்டாடியது, நீதிமன்றம் சொன்ன பிறகுதான் விட்டது. வாழ்த்து அட்டைக்குள் குண்டூசித் தலை அளவு சத்தம் போடுகிற சில்லை யார் போய்த் தேடிப் பிடிப்பார்கள்? பதிப்புரிமைக்குப் பயந்த கை மாதிரி எனக்குத் தெரியவில்லை.

17 ஜனவரி

பொங்கல் முடிந்து கடை திறந்தாயிற்று. இடையில் ஒரு தமாஷ்.

தைவானில் சின்சூ என்ற ஊர், சில்லுக் கம்பெனிகளின் ஊர். அக்கா மகன் அங்கே வேலைக்குப் போயிருக்கிறான். போன புதிதில் ஒரு சாயங்காலம் காலிங் பெல் சத்தம் கேட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்திருக்கிறான். வாசலில் ஆள் இல்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை. எட்டிப் பார்த்தால் தெருவே பையும் கையுமாக நிற்கிறது. வந்தது குப்பை வண்டி!

அங்கே குப்பை வண்டி பெரும்பாலும் இரண்டே மெட்டுதான் போடும். ஒன்று நம்ம காலிங் பெல். இன்னொன்று வார்சாவைச் சேர்ந்த டெக்லா பாதார்ஷெவ்ஸ்கா என்ற பெண் 1856இல் வெளியிட்ட ஒரு பியானோ மெட்டு. பாவம், 1861இலேயே இளம் வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். தெருவோரத்தில் குப்பையைக் கொட்டி வைக்கக்கூடாது, வண்டி வரும்போது நீங்களே கொண்டுவந்து போட வேண்டும் என்பது அங்கே சட்டம். தைபேயில் 2000இலிருந்து அரசாங்கம் விற்கிற பையில்தான் போட வேண்டும். ஆகவே பாட்டு கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓட வேண்டியதுதான்.

ஒருவர் உடனே முடிச்சுப் போட்டுவிட்டார்: குப்பை வண்டியில் கேட்டுக் கேட்டுத்தான் சில்லுக்காரர்கள் இந்த மெட்டை எடுத்தார்களோ? கேட்க நன்றாக இருக்கிறது. பாட்டு போடும் வண்டிகள் அந்தக் கம்பெனி பிறப்பதற்கு முன்பே அங்கே ஓடின என்பதால் காலக்கணக்கும் இடிக்கவில்லை. ஆனால் ஆதாரம் என்று ஒன்றும் கையில் இல்லை. டீக்கடையில் சொல்லலாம்.

18 ஜனவரி

"எங்கள் ஊர்க் குப்பை வண்டி சினிமா மெட்டில் மக்கும் குப்பை, மக்காத குப்பை பாடுகிறது, அதைப் பற்றி எழுதுங்கள்" என்று ஒருவர். ஒரே வரி: அதில் சொல்கிற சேதி மெட்டுக்கு அடங்கி உட்காரவில்லை, இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு வந்தால்தான் மணி ஏழு ஆச்சு என்று தெரியும்.

21 ஜனவரி

கோவைத் தம்பியின் முதல் கேள்விக்கே திரும்பி வருகிறேன். "நம்ம மெட்டு இல்லையா?"

இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் அதைச் சில்லில் தேடக்கூடாது, கோயில் வாசலில் தேட வேண்டும். எங்கள் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லுவார், "சாமி புறப்பட்டாச்சு." கோயில் இரண்டு தெரு தள்ளி. எப்படித் தெரியும் என்றால் காதால்தான். நாகஸ்வரத்தில் மல்லாரி கேட்டால் சாமி புறப்பாடு. கம்பீரநாட்டை ராகத்தில் வரும், சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது, வெறும் ஜதியும் ஸ்வரமும். அதிலும் வகை உண்டு: நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தீர்த்தம் கொண்டுவரும்போது தீர்த்த மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி. தெரிந்தவர் வீட்டுக்குள் இருந்தே கோயிலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கல்யாணத்தில் கெட்டிமேளம் வேறு என்ன? தாலி கட்டுகிற நேரத்தில் தும்மல், அழுகை, அபசகுனமான பேச்சு எதுவும் காதில் விழக்கூடாது என்று எல்லாவற்றையும் மூடுகிற சத்தம். அதை யாரும் ரசித்துக் கேட்பதில்லை, கேட்டதும் கையில் இருக்கிற அட்சதை தானாகப் பறக்கும். பறையிலும் சாவுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று அடுக்கி அந்த வரிசையில் பறையையும் சேர்க்கிறது. நிலத்துக்கு நிலம் சத்தம் வேறு என்பது அவ்வளவு பழைய சங்கதி.

வித்தியாசம் ஒன்றுதான். அங்கே வாசிக்கிறவருக்குச் சாமி எந்த மூலை திரும்புகிறது என்று தெரியும், அதற்கேற்ப நீட்டுவார், குறைப்பார். சில்லுக்கு வாசலில் யார் நிற்கிறார் என்று தெரியாது. கடன்காரனுக்கும் அதே மெட்டு, மாப்பிள்ளைக்கும் அதே மெட்டு.

22 ஜனவரி

"கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, சில்லில் வராது, அதனால்தான் கர்நாடக மெட்டு போடவில்லை" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் இதைத்தான் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க அறிவாளி மாதிரி இருக்கும்.

தோடியை அதில் போட முடியாது, உண்மை. தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்பதே இல்லை, சில்லுக்கு நிற்கத்தான் தெரியும். ஆனால் பழைய நோக்கியாவை நினைத்துப் பாருங்கள். கம்போஸர் என்று ஒரு பகுதி இருக்கும். எண் பொத்தான்களை அமுக்கி ஒவ்வொரு ஸ்வரமாக ஏற்ற வேண்டும். பஸ் ஸ்டாண்டில் அதற்கென்றே மெல்லிய புத்தகம் விற்றார்கள், சினிமாப் பாட்டு ஒவ்வொன்றுக்கும் எந்தப் பொத்தானை எத்தனை தடவை அமுக்குவது என்று. கல்லூரி விடுதியில் ராத்திரி முழுக்க ஒருத்தன் வாசிக்க இன்னொருத்தன் அமுக்குவான். நடுவில் ஒன்றைத் தவறவிட்டால் பாட்டு அங்கிருந்து வேறு ஜாதியாகிவிடும்.

அதிலும் ஒரே குரல், அதிலும் கமகம் கிடையாது. ஆனாலும் இரண்டாவது வினாடியில் என்ன பாட்டு என்று பக்கத்துக் கட்டில்காரன் சொல்லிவிடுவான். தாளக்கட்டு சரியாக விழுந்தால் போதும், மீதியைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். ஆகவே கமகக் கதையைத் தூக்கி வைத்துவிட்டேன்.

போகிற போக்கில்: நோக்கியாவின் சொந்த மணி ஸ்பெயினின் கிதார் கலைஞர் ஃப்ரான்சிஸ்கோ தாரெகா 1902இல் எழுதிய வால்ஸின் நடுவிலிருந்து பிடுங்கிய நாலு பார், அதாவது நாலு தாளத் துண்டு. ஃபோனில் வந்தது 1994இல். அந்த ஃபோன்களை அப்புறம் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே செய்தார்கள், 2006இலிருந்து 2014 வரை. செய்தி வந்தால் அடிக்கிற "டிடிடி டீடீ டிடிடி" இருக்கிறதே, அது மோர்ஸ் தந்திக் குறியீட்டில் எஸ் எம் எஸ். தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

25 ஜனவரி

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் ஒன்று தோன்றியது. இந்த இழையில் நான் எழுதியதிலேயே இதுதான் உருப்படி என்று நினைக்கிறேன்.

திருவாரூர்க்காரர் முத்துசுவாமி தீட்சிதர் பீத்தோவனைவிட ஐந்தாறு வயது இளையவர், ஏறக்குறைய ஒரே காலத்து மனிதர்கள். சென்னைப் பக்கம் மணலியில் குடும்பத்தோடு இருந்தபோது கோட்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்து பேண்ட் வாசிப்பதைக் கேட்டிருக்கிறார். தம்பி பாலுசுவாமி அங்கிருந்துதான் வயலினைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் மெட்டுகளைப் பிடித்துக்கொண்டார். சுமார் 40 மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதிவைத்தார். நோட்டுஸ்வரம் என்கிறோம். பாட்டுக் கிளாஸில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்'. இங்கிலீஷ் மீடியம் குழந்தை நட்சத்திரத்தைப் பார்த்துப் பாடுகிற மெட்டில் 'ச்யாமளே மீனாக்ஷி': ஸஸ பப தத ப.

சங்கராபரணத்து ஸ்வரங்கள், ஆனால் அசைவே இல்லாமல் நேர் நேராக. அதாவது சில்லு பிறப்பதற்கு நூற்றெழுபது, நூற்றெண்பது வருஷத்துக்கு முன்பே அதற்கு ஏற்ற சரக்கைத் தயார் செய்து வைத்துவிட்டார் தீட்சிதர். நட்சத்திர மெட்டை எண்ணிப் பார்த்தேன். ஏழேழாக ஆறு வரி, 42 ஸ்வரம். அறுபத்து நாலுக்குள் அடங்கி, இன்னும் இடம் மிச்சம்.

ஆக "நம்ம மெட்டு, வெள்ளைக்காரன் மெட்டு" என்று கோடு கிழிக்கப் போனால் கோடே வளைகிறது. ஆல் இந்தியா ரேடியோ காலையில் திறக்கும்போது வருமே, வயலினும் தம்பூராவும், நம் தாத்தாக்கள் பல் தேய்த்ததே அதைக் கேட்டுத்தான். அது வால்ட்டர் காஃப்மன் என்பவர் போட்டது என்றுதான் சொல்கிறார்கள். யூதர், ஐரோப்பாவிலிருந்து 1934இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தவர், அப்புறம் பம்பாய் வானொலியில் மேல்நாட்டு இசைக்குப் பொறுப்பாக இருந்தார். சிவரஞ்சனி சாயல் என்பார்கள். அவருக்கு அது அகதியாக வந்த ஊரில் கேட்ட ராகம். நமக்கு அது விடியற்காலை.

25 ஜனவரி, மதியம்

கோவைத் தம்பியின் பதில்: "அண்ணா, நான் கேட்டது காலிங் பெல். நீங்கள் போனது திருவாரூர்." சரி சரி.

29 ஜனவரி

ரிவர்ஸ் ஹாரன் பற்றி யாருமே கேட்காததால் நானே எழுதுகிறேன்.

பின்னால் போகிற வண்டி பீப் பீப் என்று கத்த வேண்டும் என்று முதலில் சாமான் செய்தது ஜப்பானில் யமகுச்சி எலெக்ட்ரிக், 1963இல். ஒரே சுருதி. அதில் ஒரு கோளாறு உண்டு. சுத்தமான ஒரே சுருதி எங்கிருந்து வருகிறது என்று காதால் பிடிப்பது கஷ்டம். எங்கோ பீப் கேட்கும், இடமா வலமா தெரியாது. பாம்பு சீறுவது மாதிரி பரந்த சத்தம் என்றால் உடனே தலை சரியான பக்கம் திரும்பும். அதனால் சில நாடுகளில் இப்போது "புஷ்ஷ் புஷ்ஷ்" என்று சீறுகிற ஹாரன் வந்துவிட்டது.

நம் ஊரில் வழி வேறு. அம்பாசடரும் மாருதி வேனும் பின்னால் வரும்போது 'சாரே ஜஹான் சே' பாடின, லம்பாடா என்ற நடனப் பாட்டைப் பாடின, பீத்தோவன் பாடின. லம்பாடாவுக்குப் பெரிய கதை இருக்கிறது: பிரான்ஸில் 1989இல் கிளப்பிவிட்டார்கள், பார்த்தால் பொலிவியாக்காரர்களின் 1981 பாட்டு. அவர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். நம் தெருவில் பின்னால் வந்த மாருதிக்கு இது எதுவும் தெரியாது.

இதில் அறிவியலும் கொஞ்சம் இருக்கலாம். சில்லு போடுவது சதுர அலை. குழல் மாதிரி சுத்தமான சத்தம் இல்லை, மேலே மேலே கிளைச் சுருதிகள் ஒட்டிக்கொண்டு வரும். அதனால்தான் காதைக் குத்துகிறது. அதனாலேயே திசையும் கொஞ்சம் சுலபமாகத் தெரியும். ஆனால் தேசபக்திப் பாட்டு நம்மை நோக்கிப் பின்பக்கமாக வருவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எழுந்து நிற்பதா, ஒதுங்குவதா?

30 ஜனவரி

முன்பக்க ஹாரனில் பாட்டு போட்டால் சட்டப்படி தப்பு, ஞாபகம் இருக்கட்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 119. அடுத்தடுத்து வேறு வேறு சுருதி போடுகிற ஹாரன் வைக்கக்கூடாது. கல்யாணச் சுற்றுலா பஸ்காரர்கள் இதைப் படித்ததில்லை. இந்தோனேசியாவில் 2016 டிசம்பரில் பிள்ளைகள் ரோட்டோரம் அட்டையோடு நின்று "ஹாரன் அடிங்க மாமா" என்று பஸ் டிரைவர்களைக் கெஞ்சியது உலகம் முழுக்கப் பரவியது. நான் சின்ன வயதில் பொள்ளாச்சி ரோட்டில் கையை மேலும் கீழும் இழுத்துக் காட்டிச் செய்தது அதேதான். உலகம் எங்கள் பக்கம் கேமராவைத் திருப்பவில்லை.

3 பிப்ரவரி

ஐடியில் இருக்கிற ஒரு தங்கை கேட்டது: ஃபோனில் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போடுகிற பாட்டு.

அதைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் லெவி, அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை முதலாளி. அவர் கட்டடத்து இரும்பு உத்தரத்தில் ஒரு ஃபோன் ஒயர் பட்டு, கட்டடமே ஆன்டெனாவாகி, பக்கத்து வானொலி நிலையத்துப் பாட்டு ஃபோனுக்குள் வந்துவிட்டது. வேறு ஆளாக இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பார். இவர் 1962இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

உங்கள் ஆபீஸில் சிஸ்கோ ஃபோன் இருந்தால் அதில் வருகிற சின்தசைசர் மெட்டு 1989இல் டிம் கார்ல்டன் என்ற பதினாறு வயதுப் பையன் நண்பனோடு சேர்ந்து வீட்டிலேயே பதிவு செய்தது. நண்பன் பிற்பாடு சிஸ்கோவில் வேலைக்குச் சேர்ந்து அதை உள்ளே நுழைத்துவிட்டான். எனக்கு அந்த மெட்டு பிடிக்கும். பிடிக்காதவர்கள் கேட்கும்போது எரிச்சலில் இருந்திருப்பார்கள்.

காத்திருக்கிற காதுக்கு மோசமானது என்றால் 2020 மார்ச்சில் வந்த கொரோனா எச்சரிக்கைதான். யாருக்கு அடித்தாலும் முதலில் ஒரு இருமல். அம்மா அந்தப் பக்கம் இருமுகிறாள் என்று நினைத்து "என்னம்மா, மாத்திரை போட்டியா" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

9 பிப்ரவரி

மல்லாரி பற்றி எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு எங்கள் பக்கத்து மேளக்காரர் ஒருவர் கடைக்கு வந்திருந்தார். "சில்லைப் பற்றி எழுதுறீங்க, கோயில்ல இருக்கிற மோட்டாரைப் பற்றி எழுத மாட்டீங்களா?"

எழுத வேண்டியதுதான். சின்னக் கோயில் எதில் போனாலும் ஒரு மூலையில் இருக்கும்: இரும்புச் சட்டம், நடுவில் ஒரு மேளம், மேலே நாலைந்து வெண்கல மணி, ஒரு சேகண்டி, கீழே மோட்டார், பக்கவாட்டில் பெல்ட். ஸ்விட்சைப் போட்டால் குச்சி மேளத்தை அடிக்கும், மணி எல்லாம் ஒன்றாக ஆடும். தீபாராதனை முடியும் வரை ஒரே வேகம். அந்த வேகம் பக்தியால் வருவதில்லை, மின்வாரியம் கொடுக்கிற வோல்டேஜால் வருகிறது. வோல்டேஜ் இறங்கினால் சாமிக்கு விளம்ப காலம்.

நான் அதை ரிப்பேர் செய்திருக்கிறேன், அதனால் பிரித்துப் பார்த்தே சொல்கிறேன். தேய்வது பெல்ட்டும் குச்சி முனையில் சுற்றியிருக்கிற ரப்பரும். ரப்பர் போய்விட்டால் தோல் கிழியும். தோல் மாற்றத் தெரிந்தவர் கிடைப்பதில்லை என்று இப்போது ஃபைபர் போட்டுவிடுகிறார்கள், தகர டப்பா சத்தம் வரும். மேளக்காரர் வருஷக்கணக்கில் சம்பளம் வாங்கின இடத்தில் இப்போது அது நிற்கிறது. அதன் ரிப்பேர் கூலியை நான் வாங்குகிறேன். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை, டீ குடித்துவிட்டு மல்லாரி வகைகளில் நான் விட்டுவிட்ட ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: பூர்ணகும்ப மல்லாரி. சேர்த்தாயிற்று.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வாசல் மணிக்கு ஆள் வைக்க முடியாது, அங்கே சில்லு யார் வேலையையும் எடுக்கவில்லை. கோயிலில் மோட்டார் எடுத்திருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "இயந்திர சத்தம்" என்று நான் சிரித்துக்கொண்டிருந்தது அவர் முன்னால் அவ்வளவு சுலபமாக வரவில்லை.

10 பிப்ரவரி

கிளி பெல்லைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று மூன்று பேர். காலிங் பெல்லில் கீச்சுகிறதே, அது எந்தப் பறவையும் இல்லை, இரண்டு ஆஸிலேட்டர், அதாவது அலை எழுப்பும் சர்க்யூட், ஒன்றையொன்று இழுக்கிற சத்தம். என் பூனைக்குத் தெரியும். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஜப்பானில் சிக்னலில் தெருவைக் கடக்கப் பழைய குழந்தைப் பாட்டு ஒன்று போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு பல இடத்தில் குயில் சத்தமும் குஞ்சுச் சத்தமும் என்று மாற்றிவிட்டார்கள். கண் தெரியாதவர்களுக்கு எந்தத் திசைச் சாலை திறந்திருக்கிறது என்று அந்தச் சத்தத்தை வைத்தே தெரியும். இது உருப்படியான பறவை.

16 பிப்ரவரி

மதுரை வாசகர் ஒருவர் தீட்சிதர் குறிப்பைப் பிடித்துக்கொண்டார். 'ச்யாமளே மீனாக்ஷி' மெட்டைத் தானே ஒரு சில்லில் ஏற்றி மாட்டப்போகிறாராம், ஊர் மதுரை என்பதால் பொருத்தம் வேறு. யூஎம் 66இல் புதிதாக எதுவும் ஏற்ற முடியாது, பாட்டு உள்ளேயே வார்த்தது. ஆட்டைனி 85 என்று எட்டுக்கால் சில்லு கிடைக்கும், அதில் நாமே எழுதிக்கொள்ளலாம். ஸ்வரத்துக்கு அதிர்வெண், நேரம் என்று இரண்டு பட்டியல் போட்டால் முடிந்தது.

இரண்டு விஷயம் மட்டும். ஸ்பீக்கரை நேராகச் சில்லோடு இணைக்காதீர்கள், நடுவில் ஒரு 547 டிரான்சிஸ்டர் போடுங்கள். அப்புறம், 230 வோல்ட்டைக் குறைக்க வெறும் கெப்பாசிட்டரை வைத்துச் செய்கிற சர்க்யூட் இணையத்தில் நிறைய சுற்றுகிறது, அதைத் தொடவே வேண்டாம், ஷாக் அடிக்கும். பழைய ஃபோன் சார்ஜர் ஒன்று எல்லா வீட்டிலும் சும்மா கிடக்கும், அதன் ஐந்து வோல்ட் போதும்.